தம்பிக்கு ஒரு கேஸ் மேனேஜர் வைக்கலாமா?

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 31. சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். அப்பா இல்லை. அம்மாவும் தம்பியும் ஊரில் இருக்கிறார்கள். தம்பிக்கு வயது 27, ஆறு வருடமாக மனச்சிதைவு நோய். இரண்டு முறை தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம், வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மாத மாத்திரை கொடுத்து 'ரெவ்யூ' என்று மட்டும் எழுதினார்கள். இப்போது பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறோம். அவன் சாப்பிட மறுப்பதால் அம்மா ரசத்தில் கலந்து கொடுக்கிறார். ஒரு மாதமாகக் கை நடுங்குகிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது, மத்தியானம் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போய் உட்காருவதைக்கூட நிறுத்திவிட்டான். மாற்றுத்திறனாளி சான்றுக்குப் போனால் பழைய ரிப்போர்ட் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கும் சுகர், முழங்கால் வலி. மாமா ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார். தம்பிக்காக என் கல்யாணப் பேச்சையும் தள்ளிப்போடுகிறேன். லண்டனில் இருக்கும் தோழி, அங்கே இந்த மாதிரி நோயாளிக்கு ஒரு 'கேர் கோஆர்டினேட்டர்' போடுவார்கள் என்கிறாள். சென்னையில் ஒரு நிறுவனம் கேஸ் மேனேஜர் தருகிறதாம், கட்டணம் என் சம்பளத்தில் பாதி. வைக்கலாமா? அம்மா கொடுக்கும் மாத்திரை அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் படம்.

இரண்டு அட்டை இருக்கிறது. ஒன்று தனியார் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தது, பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் ரிஸ்பெரிடோன் என்று போட்டிருக்கிறது. இன்னொன்று அரசு மருத்துவமனை அட்டை, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்தது, அதில் நேராகவே ரிஸ்பெரிடோன் என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒரே மருந்து. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு என்பதால் உங்கள் அம்மா இரண்டையும் வேறு வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் கொடுத்துக்கொண்டிருக்கிறார் போலத் தெரிகிறது. கை நடுக்கம், எச்சில் ஒழுகுவது, உடம்பு மரத்த மாதிரி மெதுவாக நடப்பது எல்லாம் இந்த மருந்து அதிகமானால் வரக்கூடியவை. தம்பிக்கு அதனால்தான் வந்தது என்று படத்தைப் பார்த்து நான் தீர்மானிக்க முடியாது, நான் மனநல சமூகப் பணியாளர், மருத்துவர் இல்லை. ஆனால் இது மாதக் கடைசி ரெவ்யூ வரைக்கும் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை. இதைப் படித்தவுடன் அம்மாவுக்கு போன் செய்து, இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு தம்பியோடு உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கே போக வழியில்லை என்றால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் 14416க்கு, அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு, கூப்பிட்டுக் கேளுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பயந்துபோய் நீங்களாகவே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலும் சேர்ந்து, உடம்பு விறைத்து, பேச்சு குழறினால் யாரையும் கேட்க வேண்டாம், 108தான்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேஸ் மேனேஜர் என்ன செய்வார் என்றால், இப்போது நடந்ததைத்தான் செய்வார். தனியார் மருத்துவர் தன் அட்டையைச் சரியாக எழுதினார், அரசு மருத்துவர் தன் அட்டையைச் சரியாக எழுதினார், அம்மா இரண்டையும் ஒழுங்காகக் கொடுத்தார். மூன்று பேரிடமும் குறை சொல்ல முடியாது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியது யாருடைய வேலை என்பதுதான் எங்கேயும் எழுதப்படவில்லை. ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், வீடு, வேலை என்று நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும் ஒரு ஆளின் விவரங்களை ஒரே ஆள் கையில் வைத்துக்கொண்டு, என்ன தேவை என்று பார்த்து, திட்டம் போட்டு, ஆட்களோடு இணைத்துவிட்டு, நடந்ததா என்று திரும்பக் கேட்பதுதான் கேஸ் மேனேஜ்மென்ட். அந்தக் கடைசிப் பகுதி, நடந்ததா என்று கேட்பது, அதுதான் பெரும்பாலும் நடக்காது.

இதில் இரண்டு ரகம் உண்டு, பணம் கட்டும் முன் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ரகம் தரகர் வேலை மாதிரி: உட்கார்ந்த இடத்தில் இருந்து போன் போடுவார், இந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அந்த ஆபீஸில் மனு கொடுங்கள் என்று விலாசம் தருவார், அவ்வளவுதான். இன்னொரு ரகம் கூடவே வருபவர். 1970களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரத்தில், மெண்டோட்டா மனநல மருத்துவமனைக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வார்டில் வேலை பார்த்த ஊழியர்களையே ஊருக்குள் அனுப்பினார்கள். நோயாளியின் வீட்டுக்கே போய், சமைப்பது, துணி துவைப்பது, பஸ் ஏறுவது, கடையில் மிச்சக் காசு எண்ணி வாங்குவது வரைக்கும் கூட இருந்து பழக்கினார்கள். ஒரு ஊழியருக்கு ஏறக்குறைய பத்து பேர்தான். ஒரு ஊழியர் லீவு போட்டாலும் குழுவில் மற்றவருக்கு அந்த வீடு தெரிந்திருக்கும். அப்படிச் செய்தபோது திரும்பத் திரும்ப வார்டில் சேர்வது குறைந்தது. தரகர் ரகத்தைப் பற்றி 1990களில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வந்த விடை வேறு: நோயாளிகள் தொடர்பு விட்டுப்போகாமல் இருந்தார்கள், அது உண்மை, ஆனால் மருத்துவமனையில் சேருவது குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

உங்கள் தோழி சொல்வதும் சரிதான், 1991இல் இங்கிலாந்தில் அந்த ஏற்பாடு வந்தது. ஆனால் ஆளைப் போட்டதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு ஊழியருக்கு முப்பது, முப்பத்தைந்து பேர் என்பதை பத்து, பதினைந்தாகக் குறைத்து அங்கேயே ஒரு பெரிய பரிசோதனை நடத்தினார்கள். மருத்துவமனையில் இருந்த நாட்களில் வித்தியாசமே இல்லை. வந்து என்ன செய்கிறார் என்பதைப் பார்க்காமல் எத்தனை தடவை வருகிறார் என்று மட்டும் கணக்குப் பார்த்தால் இப்படித்தான்.

சரி, வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ஊரிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிராவின் சதாரா என்று மூன்று இடங்களில், மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். பெரிய பட்டம் வாங்கியவர்கள் இல்லை. மருத்துவரைப் பார்ப்பது ஒரு பக்கம் நடக்க, இவர்கள் வீட்டில் உட்கார்ந்து நோயைப் பற்றிப் பேசினார்கள், மாத்திரை விஷயத்தைப் பேசினார்கள், வேலைக்குப் போக வழி தேடினார்கள். முடிவு 2014இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன். கொஞ்சம்தான், அதிசயம் இல்லை. ஆனால் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான், வேறு வசதி எதுவும் இல்லாத இடத்தில். உங்கள் ஊரும் அந்த மாதிரி ஊர் என்பதால்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒன்றை கவனித்தேன். அம்மா என்ன நினைக்கிறார், மாமா என்ன சொல்கிறார், தோழி என்ன சொல்கிறாள், எல்லாம் இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. தம்பியைப் பற்றி உங்களையும் மீறி வந்த ஒரே தகவல், செல்போன் ரிப்பேர் கடையில் போய் உட்காருவார் என்பது. என்னைக் கேட்டால் உங்கள் கையில் இருக்கும் நல்ல துருப்பு அதுதான். ஆறு வருடமாக இந்த நோய் இருக்கிற ஒரு ஆள், யாரும் சொல்லாமல், தானாகக் கிளம்பி, தினமும் ஒரே நேரத்துக்கு ஒரு இடத்துக்குப் போகிறார் என்றால் அது சாதாரணம் இல்லை. நாங்கள் பயிற்சி கொடுத்து மாதக்கணக்கில் வரவழைக்கப் பார்க்கிற விஷயம் அது. அதனால் ஊருக்குப் போனால் மாத்திரை சாப்பிட்டாயா என்று ஆரம்பிக்காதீர்கள். கடைக்கு ஏன் போவதில்லை என்று கேளுங்கள். கை நடுங்குகிறது, அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அதனால் போகவில்லை என்று அவர் சொன்னால் உங்களுக்கு ஒரே பேச்சில் மாத்திரை விஷயத்துக்கும் வழி கிடைத்துவிடும், நடுக்கத்தைக் குறைக்கத்தான் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லலாம், அது அவருக்கே வேண்டிய காரியம். கடைக்காரரிடம் நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பது தம்பியின் முடிவு. அவரைக் கேட்காமல் சொல்லாதீர்கள்.

ரசத்தில் கலப்பதைப் பற்றி. அம்மாவைத் திட்ட வேண்டாம், பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆனால் மூன்று சிக்கல் இருக்கிறது. தம்பி பாதி ரசத்தை மீதம் வைத்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் கேட்கும்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறான் என்று சொல்வோம், அவர் அதை நம்பி அளவைக் கூட்டுவார். ஒருநாள் தம்பி கண்டுபிடித்துவிட்டால், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம், அதுவரை நோயால் வந்தது, அன்றிலிருந்து நிஜமாகிவிடும். அப்புறம் வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டார். கலந்துதான் கொடுக்கிறோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் விழுங்கும் மாத்திரைக்குப் பதிலாக இரண்டு வாரம், மாதம் என்று இடைவெளி விட்டுப் போடும் ஊசிகள் இருக்கின்றன. தம்பிக்குப் பொருந்துமா என்று அவர் முன்னாலேயே, அவரையும் பேசவிட்டு, கேளுங்கள்.

பழைய ரிப்போர்ட் விஷயத்தில் உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது, பலருக்கும் தெரியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதன் 98ஆவது பிரிவு, ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது இனி சிகிச்சை எப்படி, எங்கே, யார் பொறுப்பு என்று ஒரு திட்டம் தயாராக வேண்டும், அதை நோயாளியோடும் அவர் போய் இருக்கப்போகும் வீட்டில் உள்ளவர்களோடும் கலந்து பேசித்தான் போட வேண்டும் என்று சொல்கிறது. உங்களுக்குக் கிடைத்தது ஒரு மாத மாத்திரையும் 'ரெவ்யூ' என்ற ஒரு வார்த்தையும்தான். நடந்ததை விடுங்கள், அந்த மருத்துவமனையோடு சண்டைக்குப் போனால் நேரம்தான் வீண். 25ஆவது பிரிவின்படி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை தம்பிக்கு உண்டு. அவர் பெயரில் அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம், இரண்டு முறை சேர்ந்ததற்கும் டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது அங்கே நடந்த சிகிச்சையின் சுருக்கம், வேண்டும் என்று, நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு இன்னொரு தாள்: சிகிச்சை முடிவுகளில் எனக்குத் துணையாக இருக்க என் அக்காவை நியமிக்கிறேன் என்று தம்பி வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நீங்கள் அவருடைய நியமனப் பிரதிநிதி ஆகலாம், 14ஆவது பிரிவு. ஸ்டாம்பு பேப்பர், வக்கீல் எதுவும் தேவையில்லை. உங்களையே எழுதுவாரா, அம்மாவை எழுதுவாரா என்பது அவர் விருப்பம். அவர் நன்றாக இருக்கும்போது எழுதி வாங்க வேண்டிய தாள் இது, மோசமான பிறகு அலைந்து பிரயோஜனம் இல்லை.

அந்தச் சம்மரி கைக்கு வந்த பிறகு மாற்றுத்திறனாளி சான்றுக்குப் போங்கள், அதுவரை வேண்டாம். மனநோய்க்கு நாலு விஷயத்தை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள்: தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும், அதற்குத்தான் பழைய தாள் கேட்டார்கள். 40 சதவீதம் வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். டாக்டர் முன்னால் போய் அம்மா பெருமையாக என் பிள்ளை எல்லா வேலையும் செய்வான் என்று சொல்லிவிடுவார், நான் நிறைய பார்த்திருக்கிறேன். குளிக்க எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து ஆள். உங்கள் மாவட்டத்தில் மாவட்ட மனநலத் திட்டக் குழு இருக்கிறது, மாவட்டத் தலைமையிடத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டால் தெரியும். அதில் என்னைப் போல ஒரு மனநல சமூகப் பணியாளர் இருப்பார், அவரைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். அறந்தாங்கி அரசு மருத்துவமனைக்கு அந்தக் குழு எந்தக் கிழமை வருகிறது என்று கேளுங்கள். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் அலைவதைவிட, பக்கத்தில், ஒரே இடத்தில், ஒரே ஓ.பி. சீட்டில் காட்டுவது எவ்வளவோ மேல். அந்தப் பணியாளரிடம், மாதம் ஒருமுறை போனிலாவது நான் உங்களோடு பேச வேண்டும், எந்த நேரம் வசதி என்று நேராகக் கேளுங்கள். அவர் தலையில் மாவட்டமே இருக்கும், உங்கள் வீட்டுக்கு அடிக்கடி வர முடியாது. ஆனால் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வரும் குடும்பத்துக்கு அவர் கண்டிப்பாக நேரம் ஒதுக்குவார். நாங்களும் மனிதர்கள்தானே, கட்டுக் கட்டாகப் பைலைக் கொட்டினால் எங்களுக்கும் தலை சுற்றும்.

அந்த ஒரு பக்கத்தில் மருந்தின் பெயர் வேண்டும், கம்பெனிப் பெயர் வேண்டாம். எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, யார் எழுதினார், எந்தத் தேதியில் மாற்றினார். முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் நோய் திரும்ப வருவதற்கு முன்னால் தெரியும் அறிகுறிகள். இது ஒவ்வொருவருக்கும் வேறு. ஒருவர் ராத்திரி தூங்கமாட்டார், ஒருவர் சன்னலில் பேப்பர் ஒட்டுவார், ஒருவர் திடீரென்று குளிப்பதை நிறுத்துவார். போன இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் என்ன நடந்தது என்று அம்மாவையும் தம்பியையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். தம்பி சொல்வது வேறாக இருக்கும், அதையும் எழுதுங்கள்.

அம்மாவின் சுகரை நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது நடுவில் வர வேண்டிய விஷயம். அவர் படுத்துவிட்டால் இந்த ஏற்பாடு எல்லாம் ஒரே நாளில் கவிழும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. சுகர், பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், முழங்காலுக்கு இயன்முறை மருத்துவரும் அதே திட்டத்தில் வரக்கூடும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதிவு செய்யுங்கள். தம்பியின் மாத்திரை இதில் வராது. ஆனால் சுகாதாரத் துறையைச் சேர்ந்த ஒரு பெண் உங்கள் வாசலுக்கு ஒழுங்காக வந்து போவார் என்பதை யோசித்துப் பாருங்கள். அம்மாவின் சுகர் மாத்திரைக்கு வருகிறவரிடம், தம்பி எப்படி இருக்கிறார் என்று பார்த்து ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

மாமா. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது, இப்போது அங்கே தர்காவுக்குப் போகிறவர்களுக்கு மருத்துவமும் சேர்த்துத் தரும் ஏற்பாடே இருக்கிறது. கும்பிடப் போவதில் தப்பில்லை, மாத்திரையோடு போய் மாத்திரையோடு திரும்பி வாருங்கள். விட்டுவிட்டு வருவதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால் மாமாவை எதிரியாக்க வேண்டாம், அந்த வீட்டுக்கு வந்து போகிற ஒரே ஆம்பளை அவர் போலிருக்கிறது. மாதம் ஒரு நாள் தம்பியை பைக்கில் உட்காரவைத்து அறந்தாங்கி ஓ.பி.க்குக் கூட்டிப்போகும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். வேலை கொடுத்தால் யோசனை சொல்வது தானாகக் குறையும்.

இத்தனையையும் படித்தால் மலைப்பாகத்தான் இருக்கும். எல்லாம் ஒரே லீவில் முடிகிற காரியம் இல்லை. மருந்துக் குழப்பத்தை இந்த வாரமே தீர்த்துவிடுங்கள், அம்மாவின் பதிவையும் தம்பியின் கடிதத்தையும் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பாருங்கள், சான்று மூன்று மாதம் கழித்துக்கூட இருக்கலாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறி, திங்கள்கிழமை காலை மறுபடி செக்கிங் டேபிளில் நிற்பதை எத்தனை வருடம் செய்வீர்கள்? ஆறு வருடமாக நீங்கள்தான் அந்த வீட்டின் கேஸ் மேனேஜர், சம்பளமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அந்த வேலையைப் பிரித்துக் கொடுக்கத்தான் மாமா, சுகாதாரப் பணியாளர், சமூகப் பணியாளர் என்று ஆள் சேர்க்கச் சொல்கிறேன். கல்யாணப் பேச்சைத் தம்பிக்காகத் தள்ளிப்போடுகிறீர்கள் என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைத் தனியாகப் பேச வேண்டும், இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

அந்தச் சென்னை நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் ஆள் எங்கள் ஊருக்கு, வீட்டுக்கு, வருவாரா, மாதம் எத்தனை முறை? அவர் கையில் இப்போது எத்தனை குடும்பம் இருக்கிறது? ராத்திரி பத்து மணிக்குத் தம்பி வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விட்டால் அவர் என்ன செய்வார்? எல்லாம் போனில்தான், வாரம் ஒருமுறை கூப்பிடுவோம், ரிப்போர்ட் அனுப்புவோம் என்று பதில் வந்தால் சம்பளத்தில் பாதியை அதற்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் கால்வாசியை உங்கள் தெருவிலேயே நம்பிக்கையான, கொஞ்சம் படித்த ஒரு அக்காவுக்கு மாதாமாதம் கொடுத்து, தினமும் ஒரு வேளை வந்து மாத்திரையைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டு உங்களுக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள். யாரை வரவழைப்பது என்று தம்பியையே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் நேரில் வருவோம், ஒருவருக்குப் பத்துப் பதினைந்து குடும்பம்தான் என்று எழுதிக் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு மட்டும் பேசிப் பாருங்கள், ஆனால் பணம் கட்டும் முன்னால் அந்த ஆள் தம்பியை ஒருமுறை நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். தம்பிக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம்.